விடியப்புறம் செத்து மிதந்த மீன்: மருந்தா, சூடா?

தோணிக்காரன் – வியாழன், காலை 9.10

எங்கள் குளம் மட்டக்களப்புப் படுவான்கரைப் பக்கம். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று சங்கத்தில் கேட்டுக்கொண்டார்கள், ஏற்கெனவே ஊர் இரண்டாகி நிற்கிறது.

நேற்று விடிய நாலரைக்கு வலை எடுக்கப் போனேன். தோணியை இறக்கும்போதே காலில் ஏதோ வழுக்கியது. டோர்ச் அடித்துப் பார்த்தால் கரை முழுக்க வெள்ளை வயிறு. அதிகம் கட்லா, ஒரு கிலோவுக்குக் குறையாதவை. அடுத்தது றோகு. பெரிய திலாப்பியாவும் கொஞ்சம். மார்கழியில் குஞ்சு விட்டோம், இன்னும் இரண்டு கிழமையில் பிடித்து விற்க இருந்தது. முற்பணம் தந்த யாவாரிக்கு என்ன பதில் சொல்வது என்று இன்னும் யோசிக்கவில்லை.

ஊரில் எல்லாரும் பூச்சிமருந்து என்கிறார்கள். குளத்துக்கு மேலே வயல் செய்கிறவர்கள் மருந்தடித்த டாங்கியைக் கொண்டுவந்து குளத்தில் கழுவிவிட்டார்களாம். ஒருவரின் பெயரையே சொல்லிவிட்டார்கள். அவர் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வளவு தள்ளி. எனக்கு மனம் ஒப்பவில்லை. மூன்று கிழமையாகக் கச்சான் காற்று (மேற்கிலிருந்து வரும் காய்ந்த காற்று) அடிக்கிறது. தண்ணீர் துருசு (மதகு) மட்டத்துக்கு மேலே இரண்டு முழம்தான் நிற்கிறது. மத்தியானம் இறங்கினால் கரையோரத் தண்ணீர் சோறு வடித்த கஞ்சி மாதிரி இருக்கிறது. சூட்டுக்கு மீன் சாகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கல்லடிப்பாலம் – வியாழன், காலை 9.32

மருந்துதான். இதற்கு என்ன ஆராய்ச்சி? பொலிஸில் ஒரு முறைப்பாடு போடுங்கள்.


உயிரியல் ரீச்சர் – வியாழன், காலை 10.05

முறைப்பாடு போடுவதற்கு முன்னால் தம்பி சிலவற்றை யோசித்துச் சொல்லட்டும். முதல் நாள் பின்னேரம் மீன் நல்லபடியாக இருந்ததா? செத்ததில் பெரியது கூடவா, சிறியது கூடவா? விராலும் சுங்கானும் செத்துக் கிடந்தனவா? இறால் எப்படி? தண்ணீரின் நிறம் என்ன? அந்த இரவு காற்று இருந்ததா? முக்கியமாக, தண்ணீரில் ஓடித்திரியும் பூச்சிகள் உயிரோடு இருந்தனவா?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்தால் பாதி வழக்கு முடிந்துவிடும்.


தோணிக்காரன் – வியாழன், பகல் 12.48

ரீச்சர், ஞாபகத்தில் உள்ளதைச் சொல்கிறேன்.

முதல் நாள் பின்னேரம் ஐந்து மணிக்கு வலை வைத்தபோது ஒரு செத்த மீனும் இல்லை. செத்தது எல்லாமே பெரியவை. சின்னக் கெண்டையும் திலாப்பியாக் குஞ்சும் கரை ஓரமாகக் கூட்டமாய் நின்று வாயை மேலே வைத்துப் பிளந்துகொண்டு இருந்தன, ஏழு மணி போல வெயில் ஏற இறங்கிப் போய்விட்டன. விரால் ஒன்றுகூடச் சாகவில்லை. வலையில் இரண்டு சுங்கான் உயிரோடு கிடந்து கையில் குத்தவும் பார்த்தது. இறால் புல்லில் ஏறி நின்றது, பொடியன்கள் கையால் பொறுக்கினார்கள். பூச்சி ஓடியது, அதைக் கவனித்தேன். தண்ணீர் ஒரு கிழமையாகப் பாசிப்பயறு அரைத்துக் கரைத்த மாதிரிப் பச்சை. காற்று வழமைக்கு மாறாக அன்றிரவு அடியோடு நின்றுவிட்டது. முதல் நாள் பகல் முழுக்க மப்பும் மந்தாரமும், ஆனால் மழை விழவில்லை.


உயிரியல் ரீச்சர் – வியாழன், மாலை 4.20

பாடசாலை முடிந்து இப்போதுதான் வந்தேன். தம்பி சொன்னதை வைத்துப் பார்த்தால் மருந்து இல்லை என்றே நினைக்கிறேன். மீன் மூச்சு முட்டிச் செத்திருக்கிறது.

பூச்சிமருந்து கலந்தால் முதலில் போவது பூச்சியும் இறாலும். வயலில் பூச்சியைக் கொல்லத்தானே அந்த மருந்து, இறாலும் பூச்சிக்குச் சொந்தக்காரன். அடுத்தது சின்ன மீன், பிறகுதான் பெரியது. அதுவும் விடியற்காலை பார்த்து வராது, ஊற்றிய நேரத்திலிருந்து வரும். விராலையும் விடாது. உங்கள் குளத்தில் நடந்தது எல்லாமே தலைகீழ். பெரிய மீன் போய்விட்டது, சின்னது தப்பிவிட்டது, பூச்சி ஓடுகிறது, இறால் மூச்சுக்குப் புல்லில் ஏறியிருக்கிறது. தண்ணீரில் ஒட்சிசன் குறைந்தால் பெரிய உடம்புக்குத்தான் முதலில் தட்டுப்பாடு. மேற்பரப்பில் சின்னதாய் ஒரு படலம் ஒட்சிசனோடு இருக்கும், குஞ்சு அதில் வாயை வைத்துத் தாக்குப்பிடிக்கும். விரால், சுங்கான், பனையேறி மூன்றும் வெளிக்காற்றையே குடிக்கக்கூடியவை. அவற்றுக்குக் குளத்துத் தண்ணீர் கெட்டாலும் மேலே வந்தால் போதும். விரால் சேற்றுக்குள் புதைந்து கிடந்தே கோடையைக் கடத்துகிற சாதி, அதை ஒட்சிசன் குறைவு என்ன செய்யும்?

பச்சை நிறம் அல்கா, அதாவது நுண்பாசி. பகலில் ஒளித்தொகுப்பு செய்து ஒட்சிசனை அள்ளிக் கொடுக்கும், பின்னேரம் மூன்று மணிக்கு அளந்தால் குளம் சொர்க்கம் மாதிரித் தெரியும். பொழுது பட்டதும் கொடுப்பது நின்றுவிடும், அதே அல்கா தன் மூச்சுக்கு எடுப்பது மட்டும் தொடரும். இரவு முழுக்க மீன், அல்கா, அடிச்சேற்றுப் பக்ரீரியா எல்லாம் சேர்ந்து இருப்பதை எடுக்கும். ஆகக் குறைவது சூரியன் எழுவதற்கு முன் அந்த ஒரு மணித்தியாலம். முதல் நாள் மப்பு என்றதால் பகல் சேமிப்பும் குறைவு. காற்றும் நின்றதால் மேலேயிருந்து கலந்துவிட ஆள் இல்லை. கச்சான் அடித்துக்கொண்டிருந்தால் அன்றைக்குத் தப்பியிருக்கக்கூடும், பாருங்கள்.


வட்டைவிதானை – வியாழன், மாலை 5.02

நன்றி ரீச்சர். நான் வேறு ஊரில் வயலுக்குத் தண்ணீர் பங்கிடுகிற வட்டைவிதானை, ஆனால் எங்கே மீன் செத்தாலும் முதல் பழி வயல்காரன் தலையில்தான். ஒன்றை மட்டும் நேர்மையாய்ச் சொல்ல வேண்டும்: மேல்வயலில் போடுகிற யூரியாவில் ஒரு பங்கு வடிந்து குளத்துக்குத்தான் வருகிறது. அந்தப் பச்சையில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது.


கச்சான்காத்து – வியாழன், இரவு 8.15

இரவில் ஒட்சிசன் குறைந்தது, மீன் செத்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சூட்டை ஏன் இதற்குள் இழுக்கிறீர்கள்? இப்போதெல்லாம் தென்னை காய்க்காவிட்டாலும் காலநிலை, மாடு கறக்காவிட்டாலும் காலநிலை.

நான் படித்த இரசாயனவியலைச் சொல்கிறேன். 25 பாகையில் ஒரு லீற்றர் நல்ல தண்ணீர் 8.3 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்கும். 30 பாகையில் 7.6. 35 பாகையில் 7.0 அளவு. அதாவது 30இலிருந்து 35க்கு ஏறினால் இழப்பது 0.6 மட்டும். இந்தச் சொச்சத்துக்கா கட்லா செத்தது? அடுத்தது, திலாப்பியா ஆபிரிக்காக்காரன். 1952இல் இங்கே கொண்டுவந்து விட்ட நாளிலிருந்து இந்த வெயிலில்தான் பெருகியது. சூடு அதற்கு மாமியார் வீடு இல்லை, தாய் வீடு.


உயிரியல் ரீச்சர் – வியாழன், இரவு 9.40

எண்கள் எல்லாம் சரி. ஆனால் அது அண்டா எவ்வளவு கொள்ளும் என்ற கணக்கு. பந்தியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கணக்கை விட்டுவிட்டீர்கள்.

மீன் நம்மைப் போல உடம்புச் சூட்டைத் தானே வைத்துக்கொள்ளும் பிராணி இல்லை. தண்ணீர் எந்தச் சூடோ அதுவே அதன் சூடு. பொதுவாக 10 பாகை ஏறினால் அதன் உடம்பு எரிக்கும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. 5 பாகைக்கு நாற்பது வீதம் என்று வையுங்கள். மீனுக்கு மட்டும் இல்லை, சேற்றுப் பக்ரீரியாவுக்கும் அல்காவுக்கும் அதே கதி. அண்டா கொஞ்சம் சிறுத்தது, பந்தியில் ஒவ்வொருவரும் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு சாப்பிடத் தொடங்கினார்கள். அதற்கு மேலே கச்சான் குளத்தைக் குடித்துக் கால்வாசி ஆக்கிவிட்டது. மீன் எண்ணிக்கை அப்படியே இருக்கிறது, தண்ணீர் மட்டும் இல்லை.

சூடு தனியே வந்து கட்லாவைக் கொல்லவில்லை. எல்லாரையும் கடன்காரன் ஆக்கிவிட்டுப் போனது. கடனைக் கேட்டது அந்த மப்பு நாள்.


கச்சான்காத்து – வியாழன், இரவு 9.51

பந்திக் கணக்கு நல்லாயிருக்கு. திலாப்பியாவுக்குப் பதில் வரவில்லை.


இளைப்பாறிய உத்தியோகத்தர் – வெள்ளி, காலை 6.30

அதற்கு நான் முயன்று பார்க்கிறேன். நன்னீர் மீன்பிடிப் பக்கம் நீண்ட காலம் வேலை செய்தவன், சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய நீர்த்தேக்கத்திலிருந்து சின்னச் சின்ன மானாவாரிக் குளம் வரைக்கும் காலை நனைத்திருக்கிறேன்.

1952இல் வந்தது மொசாம்பிக் திலாப்பியா. 1975இல் நைல் திலாப்பியா வந்தது. இரண்டும் கலந்து இன்று குளத்தில் இருப்பது எது என்று தலையில் எழுதியிருக்காது. நம் பெரிய குளங்களில் பிடிபடுவதில் பெரும்பங்கு இந்தக் குடும்பம்தான். 1990இல் அரசாங்கம் உள்நாட்டு மீன்பிடிக்குக் கொடுத்த ஆதரவை நிறுத்தியது, 1994இல்தான் திரும்பக் கொடுத்தது. குஞ்சு விட ஆளில்லாத அந்த இடைக்காலத்திலும் ஊருக்குச் சோறு போட்டது தானாகவே பெருகத் தெரிந்த திலாப்பியா. ஆகவே அதைப் பற்றிக் குறைவாகப் பேச எனக்கு வாய் வராது.

நைல் திலாப்பியா 40 பாகைக்கு மேலும் சிறிது நேரம் உயிரோடு இருக்கும். ஆனால் உயிரோடு இருப்பது வேறு, வளர்வது வேறு. அது நன்றாக வளர்வது 27இலிருந்து 32 பாகை வரை. அதைத் தாண்டினால் தின்கிற இரை உடம்பில் ஒட்டாது, உடம்பை ஓட்டுவதற்கே போய்விடும். கல்யாண வயதில் பிள்ளையைக் கட்டிக்கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நிற்கும் குடும்பம் மாதிரி, நெருக்கடி வந்த திலாப்பியா வளர்வதை நிறுத்திவிட்டு முட்டையிடப் பார்க்கும். வற்றிய குளத்தில் விரல் நீளம் கடந்த உடனேயே வாயில் முட்டையை வைத்துக்கொண்டு திரிகிற பெண் மீனை நானே எத்தனையோ கண்டிருக்கிறேன். குளம் நிறைய மீன், சட்டிக்கு ஆகாத மீன்.

இன்னொன்று. நைல் திலாப்பியாக் குஞ்சு பொரித்த முதல் நாட்களில் தண்ணீர் 35, 36 பாகைக்குப் போனால் பெண்ணாக வேண்டிய குஞ்சில் ஒரு பகுதி ஆணாக மாறிவிடும் என்று ஆய்வுகூடங்களில் கண்டிருக்கிறார்கள். பண்ணைக்காரருக்கு இது கொண்டாட்டம், ஆண்தான் வேகமாய் வளரும். தானாகப் பெருக வேண்டிய குளத்துக்கு அது நட்டக் கணக்கு. நம் குளங்களில் இது நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆண் மீன் கூடு தோண்டுகிற அந்த ஓரத்து ஆழம் குறைந்த தண்ணீர்தான் முதலில் சூடாகிறது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

தாய் வீடு என்றீர்கள். தாய் வீட்டிலும் கூரை சுட்டால் வெளியேதான் படுக்க வேண்டும்.


இறக்காமத்தான் – வெள்ளி, காலை 7.15

அஸ்ஸலாமு அலைக்கும். ஐயா சொன்ன சின்ன மீன் கதையில் எனக்கு ஒரு மறுப்பு இருக்கு. நான் இறக்காமக் குளத்துக்காரன், வாப்பா காலத்திலிருந்து தோணி இருக்கு.

மீன் சிறுத்ததற்குச் சூடு காரணம் என்றால் நம் ஆட்கள் நிம்மதியாய் நித்திரை கொள்வார்கள். கண் சிறுத்த வலையை யார் போட்டது? 8.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கண் கூடாது என்று சட்டம் இருக்கு, குளத்தில் போய்ப் பாருங்கள். தங்கூசி (ஒற்றை நைலோன் இழை) வலை வந்த பிறகு இரவில் ஒருத்தன் அடித்து வளைத்துப் பிடிக்கிறதை வாப்பா ஆட்கள் ஒரு கிழமையிலும் பிடித்திருக்க மாட்டார்கள். பெரியதை எல்லாம் எடுத்துவிட்டால் மிஞ்சுவது சின்னதிலேயே பருவமாகிற வகைதானே. சூட்டை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சூடு வந்து வலை பின்னவில்லை.

ஆனாலும் ஒன்று சொல்ல வேணும். இங்கினியாகலைப் பக்கம் சேனநாயக்க சமுத்திரத்தில் தொழில் செய்கிற கூட்டாளி ஒருத்தன் சொன்னது. முன்னர் வெயில் காலத்தில் வலையை ஆழத்துக்கு இறக்கினால் பெரிய மீன் விழுமாம், குளிர்ச்சிக்குக் கீழே போய் நிற்கும் என்று கணக்கு. இப்போது சில இடத்தில் ஆழ வலை வெறுமையாய், அழுகின முட்டை வாடையோடு வருகிறதாம். அது ஏன் ஐயா?


இளைப்பாறிய உத்தியோகத்தர் – வெள்ளி, காலை 8.02

தம்பி, வலை விஷயத்தில் உங்களோடு சண்டை பிடிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அது முழு உண்மை. இரண்டு அடியும் ஒரே முதுகில்தான் விழுகிறது என்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆழ வலை விஷயம் நுட்பமானது. மேல் தண்ணீர் சூடானால் இலேசாகும், கீழ்த் தண்ணீர் குளிர்ந்து பாரமாய்க் கிடக்கும். எண்ணெயும் தண்ணீரும் மாதிரி இரண்டும் கலவாமல் நிற்கும். வெயில் எவ்வளவு கூடுகிறதோ, காற்று எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நாள் அந்தக் கட்டு அவிழாது. கீழே வெளிச்சமும் இல்லை, மேலேயிருந்து ஒட்சிசனும் வராது. இருந்ததை அடியில் அழுகுகிற குப்பை தின்று முடிக்கும், பிறகு வருவது ஐதரசன் சல்பைட்டு. அதுதான் முட்டை வாடை. மீனுக்குக் குளிர் வேணும் என்றால் கீழே போகவேண்டும், மூச்சு வேணும் என்றால் மேலே வரவேண்டும். இரண்டும் கிடைக்கிற நடுத்தட்டு ஆண்டுக்கு ஆண்டு ஒடுங்கினால் மீனும் அங்கேயே ஒடுங்கும். உங்கள் கூட்டாளி வலையை நடு ஆழத்தில் கட்டிப் பார்க்கட்டும்.

பொறுங்கள், அப்படிச் சொல்வதும் சரியில்லை. ஒடுங்கி நிற்கும் மீனைப் பிடிப்பது மிகச் சுலபம், கிடைக்கிற பிடியைப் பார்த்துக் குளத்தில் மீன் கூடிவிட்டது என்று நினைத்துவிடுவார்கள்.


ஸ்கார்பரோவிலிருந்து – வெள்ளி, காலை 9.30

வணக்கம் உறவுகளே. நான் களுவாஞ்சிகுடி, இப்போது கனடாவில். இங்கே ஒன்ராறியோ ஏரிக்கரையில்தான் நடக்கப் போகிறேன், இங்கேயும் இதே பேச்சுத்தான். உலகத்தில் 235 ஏரிகளை எடுத்து 1985 தொடங்கி 2009 வரைக்கும் கணக்குப் பார்த்து 2015இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. கோடை கால மேற்பரப்புத் தண்ணீர் பத்து ஆண்டுக்கு 0.34 பாகை வீதம் சூடாகிறதாம். பனி மூடும் ஏரிகள் சில அதைவிட வேகமாக. ஆபிரிக்காவின் தங்கனீக்கா ஏரியைப் பற்றியும் வாசித்தேன். மேல் தண்ணீர் சூடாகிக் கீழ்த் தண்ணீரோடு கலப்பது குறைந்ததில், அடியில் கிடந்த சத்து மேலே வராமல் அல்கா சுமார் 20 வீதமும், அதை நம்பிய மீன் பிடி சுமார் 30 வீதமும் குறைந்திருக்கும் என்று 2003இல் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு விரால் குழம்பு சாப்பிட்டு இருபது வருஷம். அது மட்டும் சாகவில்லை என்று கேட்டதில் ஒரு நிம்மதி.


கல்லடிப்பாலம் – வெள்ளி, காலை 9.44

அண்ணன், இங்கே ஊர் எரிகிறது, உங்களுக்குக் குழம்பு.


உயிரியல் ரீச்சர் – வெள்ளி, மாலை 3.55

தங்கனீக்கா 1,400 மீற்றருக்கு மேல் ஆழம். அங்கே பிரச்சினை அல்கா குறைந்தது, இங்கே தம்பியின் குளத்தில் பிரச்சினை அல்கா கூடியது. ஒரே சூடு, இரண்டு விதமான கேடு. ஆழம் இருப்பதால் சேனநாயக்க சமுத்திரத்தின் போக்கு தங்கனீக்காவுக்குக் கொஞ்சம் கிட்ட. நம் ஊர்க்குளங்கள் அப்படி இல்லை, தாமரை இலையில் தண்ணீர் மாதிரி, பகலில் சுட்டு இரவில் ஆறும், கலங்கிக்கொண்டே இருக்கும்.

நமக்குப் பொருந்துகிற உதாரணம் பிரேசிலில் இருக்கிறது. 2023 வறட்சியில் அமேசன் காட்டுத் தெபே ஏரி வற்றி, ஆழம் குறைந்த தண்ணீர் 39 பாகையையும் தாண்டியது. ஆற்று ஓங்கில்கள் (டொல்பின்) இருநூறு அளவில் செத்தன, மீனும் ஏராளம். ஓங்கில் மேலே வந்து காற்றை மூச்சாக எடுக்கிற பிராணி, அதற்கு ஒட்சிசன் தட்டுப்பாடு ஒரு பொருட்டே இல்லை. அங்கே சூடே நேரடியாகப் பிடித்ததாகத்தான் பார்க்கிறார்கள். ஆழம் போய்விட்டால் தண்ணீர் ஒதுங்க இடம் தராது.

எனக்குள்ள கவலை கட்லாவோ றோகுவோ இல்லை. அவை நம் குளத்தில் முட்டையிடுவதே கிடையாது, ஓடும் வெள்ளம் வேணும் அவற்றுக்கு. ஆண்டுதோறும் குஞ்சு வாங்கி விடுகிறோம், செத்தால் திரும்ப வாங்கலாம், காசு போகும், அவ்வளவுதான். கெண்டை, கெளிறு, ஆரல் இவற்றை யார் வாங்கி விடப் போகிறார்கள்? ஐப்பசி, கார்த்திகையில் புதுத்தண்ணீர் ஓடினால் அதை எதிர்த்து வாய்க்காலும் வயலும் ஏறி முட்டையிடுகிற சாதிகள் அவை. அதுவரைக்கும் கோடையைக் கடத்த ஒரு மடு வேணும். மடுவும் சுட்டு, மழையும் பிந்தி, வந்தாலும் மூன்று நாளில் ஒரு மாத மழையாய்க் கொட்டிவிட்டுப் போனால் ஏறின மீன் வயலிலேயே அகப்பட்டுக் காய்ந்துவிடும். அதன் சாவுக்கு இங்கே யாரும் இழை தொடங்கவும் மாட்டார்கள்.


முகத்துவாரம் – வெள்ளி, மாலை 6.10

குளத்துக்காரருக்கு வாவிக்காரனின் ஒரு சொல். மட்டக்களப்பு வாவியிலும் மீன் செத்து ஒதுங்கும்போது இதே மருந்துக் கதைதான் முதலில் வரும். ஆற்றுவாய் மூடிக் கிடக்கையில் உள்ளே தண்ணீர் நின்று சுடும், உப்புக் கூடும், உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீரைவிடக் குறைவாகவே ஒட்சிசன் பிடிக்கும். பிறகு திடீரென்று வெள்ளம் இறங்கினால் உப்பு மாறி இன்னொரு சாவு. நாங்கள் இரண்டு பக்கத்தாலும் அடிவாங்குகிறவர்கள்.


வட்டைவிதானை – வெள்ளி, இரவு 7.25

எல்லாம் சரி, என்ன செய்யலாம் என்று ஒருவரும் சொல்லவில்லையே. நான் சொன்னால் தண்ணீரை விட்டதே நீங்கள்தான் என்பீர்கள்.


தோணிக்காரன் – வெள்ளி, இரவு 7.40

விட்டது நீங்கள்தானே அண்ணன் 🙂 சிறுபோகத்துக்குக் கடைசித் தண்ணீர் என்று மூன்று தரம் துருசைத் திறந்தார்கள். ஒவ்வொரு முறையும் கடைசி.


வட்டைவிதானை – வெள்ளி, இரவு 8.05

தம்பி, கதிர் வாங்குகிற நேரத்தில் பயிர் காய்ந்தால் எங்கள் வீட்டிலும் அடுப்பு எரியாது. குளம் கட்டியதே நெல்லுக்கு. ஆனால் ஒன்று உண்டு. சிறுபோகம் எத்தனை ஏக்கர் என்று தீர்மானிக்கிற ஆரம்பக் கூட்டத்துக்கு உங்கள் சங்கத்து ஆள் ஒருத்தரும் வருவதில்லை. வந்து, துருசுக்கு மேலே இத்தனை முழம் மீனுக்கு என்று அன்றைக்கே கேளுங்கள். அதற்கேற்ற மாதிரி ஏக்கரைக் குறைக்கலாம், குறுகிய வயது நெல்லைப் போடலாம். பயிர் நட்ட பிறகு வந்து கேட்டால் நான் எந்த முகத்தோடு தண்ணீரை மறிப்பேன்?


இறக்காமத்தான் – வெள்ளி, இரவு 8.31

இது நல்ல கதை. எங்கள் பக்கமும் இல்லாத ஒன்று.

அதோடு குளம் இந்த மட்டத்துக்கு வந்தால் இரண்டு கிழமை காத்திருக்காமல் பாதி மீனை முன்னரே எடுத்துவிடுங்கள் தம்பி. விலை குறைவு என்று பார்த்தீர்கள், கடைசியில் முழுதும் புதைத்தீர்கள். எடுத்த பிறகு மிஞ்சுவதற்கு மூச்சு விட இடமாவது இருக்கும்.


கச்சான்காத்து – வெள்ளி, இரவு 8.50

ஆற்றுவாழையை (ஆகாயத்தாமரையை) விட்டு வைத்தால் நிழல் கிடைக்காதா? எல்லாரும் அதை அள்ளுங்கள் என்கிறார்கள்.


இளைப்பாறிய உத்தியோகத்தர் – வெள்ளி, இரவு 9.15

கிடைக்கும், சூடும் குறையும். ஆனால் மூடிய இடத்தில் வெளிச்சமும் காற்றும் தண்ணீரில் படாது, இலை அழுகி விழுந்து ஒட்சிசனையும் தின்னும். சூட்டுக்குப் பயந்து போர்வைக்குள் மூச்சடக்கிப் படுப்பது போல ஆகிவிடும். நிழல் வேணும் என்றால் கரையில் மருத மரம் வையுங்கள். பழைய குளங்களின் நீர்ப்பிடிப்பு ஓரத்தில் மருதும் நாணலும் நின்றதற்குக் காரணம் இருந்தது, தண்ணீரைக் குடிக்கிற காய்ந்த காற்றையும் மறிக்கும், ஓரத் தண்ணீரையும் சுட விடாது. ஆனால் கட்டின் மேல் வைக்காதீர்கள், வேர் ஓடிக் கட்டு உடையும், பிறகு என்னைத் திட்டுவீர்கள்.

தண்ணீருக்குள் காற்றடிக்கும் மெசின் என்றெல்லாம் யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அது பண்ணைத் தொட்டிக்கு. குளத்துக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.


தோணிக்காரன் – ஞாயிறு, காலை 7.50

தெரிந்த பொடியன் ஒருவனிடம் ஒட்சிசன் பார்க்கிற கிற்று ஒன்று வாங்கினேன், இறால் பண்ணையில் வேலை செய்கிறவன். சொட்டு விட்டு நிறத்தைப் பார்த்து மட்டையோடு ஒப்பிடுகிறது. வெப்பமானி மகளின் பாடசாலைப் பெட்டியில் இருந்தது.

நேற்றுப் பின்னேரம் மூன்று மணிக்கு மேல் தண்ணீர் 34 பாகை, இடுப்பளவில் 31. ஒட்சிசன் நிறம் மட்டையின் மேல் எல்லையில் நின்றது. இன்று விடிய ஐந்தேகாலுக்கு அதே இடத்தில் 29 பாகை. நிறம் அடியிலிருந்து முதலாவது கட்டத்தில், ஒன்று என்று போட்டிருக்கிறது. என் கண்ணையே நம்பாமல் மூன்று தரம் செய்தேன். மிஞ்சின மீன் ஓரத்தில் வாய் பிளந்துகொண்டுதான் நின்றது. ரீச்சர் வியாழன் எழுதியதை வாசித்திருக்காவிட்டால் மூன்று மணிக் கணக்கை மட்டும் பார்த்துக் குளம் நல்லாயிருக்கு என்று போயிருப்பேன்.


கச்சான்காத்து – ஞாயிறு, காலை 8.20

மூச்சு முட்டியது என்பதற்கு இனி நான் எதிர்வாதம் வைக்கவில்லை. ஆனால் ஒரு குளத்தில் ஒரு நாள் 34 காட்டியதை வைத்து உலகம் சுடுகிறது என்று முடிவு கட்டினால் அதற்கும் நான் வருவேன். பத்து வருஷத்துக்கு முன்னர் இதே குளத்தில் இதே மாதத்தில் எவ்வளவு இருந்தது? ஒருவரிடமும் இல்லை.


உயிரியல் ரீச்சர் – ஞாயிறு, காலை 8.45

அதில் உங்கள் பக்கம்தான் நான். மழை எவ்வளவு பெய்தது, குளம் எத்தனை அடி என்று எழுதி வைக்கிறோம், தண்ணீர் எத்தனை பாகை என்று எந்தக் குளக்கட்டிலும் எழுதக் கண்டதில்லை. தோணி தம்பி, ஒரு கொப்பி எடுங்கள். விடிய ஒருமுறை, மூன்று மணிக்கு ஒருமுறை, ஒரே இடம், ஒரே ஆழம். எங்கள் ஏ எல் பிள்ளைகளையும் அனுப்புகிறேன், செய்முறைக்கு ஆகும். மாரி வரைக்குமாவது விடாமல் எழுதுங்கள், முதல் மழை விழுகிற அன்று கட்டாயம். குப்பையும் சேறும் அடித்துக்கொண்டு வருகிற அந்த முதல் வெள்ளத்தில் இன்னொரு சாவு இருக்கக்கூடும்.


தோணிக்காரன் – ஞாயிறு, இரவு 8.10

கொப்பி வாங்கிவிட்டேன். சங்கத்தில் இந்த இழையை வாசித்துக் காட்டினேன். முறைப்பாட்டுக் கதை நின்றுவிட்டது, எல்லாரும் நம்பிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன்.

பின்னேரம் கிற்றோடு குளக்கட்டில் இருந்தபோது, ஊர் பெயர் சொன்ன அந்த மனிசன் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நாளாய் என் முகத்தைப் பார்க்காதவர். விடிய எத்தனை மணிக்கு இறங்குகிறாய் என்று கேட்டார். ஐந்து என்றேன். டோர்ச் வெளிச்சத்தில் நிறம் சரியாய்த் தெரியாதே, வீட்டில் சார்ஜ் லைட் ஒன்று இருக்கிறது, கொண்டுவருகிறேன் என்றார்.

ரீச்சர், மட்டையின் நிறத்தை சார்ஜ் லைட்டில் பார்த்தால் சரியாக இருக்குமா, அல்லது விடியும் வரை போத்தலை மூடி வைத்துப் பார்க்கலாமா?


உயிரியல் ரீச்சர் – ஞாயிறு, இரவு 8.32

வைத்துப் பார்க்க வேண்டாம், நிறம் மாறிவிடும். வெள்ளை வெளிச்சம் என்றால் சார்ஜ் லைட் போதும். மட்டைக்குப் பின்னால் வெள்ளைக் கடதாசி ஒன்று பிடியுங்கள்.